மறதித் தேநீரை மறுத்தவள்

டீ ஆறுவதற்குள் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ‘கோப்ளின்’ என்ற பெயரில் உலகெங்கும் பேசப்பட்ட அந்தக் கொரியத் தொடர் பயமுறுத்தும் பேய்க்கதை இல்லை. ஆவிகள் வருகின்றன, எமதூதன் வருகிறான், 900 ஆண்டுகளுக்கு மேல் சாகாமல் அலைகிற ஒரு தளபதி வருகிறான், அவன் நெஞ்சில் குத்திய வாள் குத்தியபடியே நிற்கிறது. இத்தனை இருந்தும், வீட்டில் தனியாக இருக்கிற ராத்திரியில்கூட விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். பயம் வராது. அழுகை வரும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

என் கருத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பார்த்தவர்களில் பெரும்பாலோர் ‘சாகாவரம் பெற்றவனுக்கும் சாதாரணப் பெண்ணுக்கும் காதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் காதல் இருக்கிறது. அதில் குறையும் இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆனால் பதினாறு பகுதிகளையும் தாங்கிக்கொண்டிருப்பது வேறொரு கேள்வி: போனவர்களை யார் நினைவில் சுமப்பது, மறந்துபோக யாருக்கு உரிமை உண்டு? இதை இவ்வளவு நிதானமாக, இத்தனை ஆட்களை வைத்துக் கேட்ட தொலைக்காட்சித் தொடரை நான் வேறு பார்த்ததில்லை. அதை விளக்க வேண்டுமென்றால் கதையைக் கடைசிவரை சொல்லியாக வேண்டும். முடிவு தெரியாமல் பார்க்க நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

தென்கொரியாவின் டிவிஎன் என்ற கேபிள் சேனலில் 2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை வெள்ளி, சனிக்கிழமைகளில் இது ஒளிபரப்பானது. எழுதியவர் கிம் உன்-சுக். அதே 2016-ல் ‘டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ தொடரால் ஆசியா முழுக்க அலையைக் கிளப்பியவர். இயக்குநர் லீ உங்-போக்கும் அந்தத் தொடரில் அவரோடு வேலை செய்தவர்தான். கடைசிப் பகுதியின் பார்வையாளர் அளவு 20 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு முன் கொரியக் கேபிள் தொடர் எதுவும் அந்த அளவைத் தொட்டதில்லை. 2017-ன் பேக்சாங் விருது விழாவில் கதாநாயகன் கோங் யூவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. தொலைக்காட்சிப் பிரிவின் தலையாய பெருவிருது எழுத்தாளர் கிம் உன்-சுக்குக்குப் போனது. அது போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்பேன். இந்தத் தொடரின் பலமும் பலவீனமும் இரண்டுமே எழுத்தில் இருக்கின்றன.

கதை கோரியோ காலத்தில் ஆரம்பிக்கிறது. 918 முதல் 1392 வரை கொரியத் தீபகற்பத்தை ஆண்ட அரச மரபு அது. தளபதி கிம் ஷின் போருக்குப் போனால் ஜெயிக்காமல் திரும்பமாட்டான். ஜனங்கள் அவனைத் தெய்வம்போலக் கொண்டாடுவது இளம் அரசனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்து அந்தப் பொறாமைக்கு எண்ணெய் வார்க்கிறவன் பார்க் ஜுங்-ஹொன் என்ற அரண்மனைச் சூழ்ச்சிக்காரன். வெற்றியோடு திரும்பியவனை அரண்மனை வாசலிலேயே துரோகி என்கிறார்கள். ராணி வேறு யாருமில்லை, தளபதியின் தங்கை. அவளும் அம்பு பட்டுச் சாகிறாள். வீட்டார் அத்தனை பேரும் கொல்லப்படுகிறார்கள். தளபதியின் நெஞ்சில் அவன் வாளையே இறக்கி, உடலை அடக்கம் பண்ணாமல் வெளியில் போட்டுவிடுகிறார்கள்.

அவனை நம்பியிருந்த ஜனங்களின் வேண்டுதல் தெய்வத்தை எட்டுகிறது. தெய்வம் அவனை எழுப்புகிறது, ஆனால் கணக்கோடு எழுப்புகிறது. அந்த வாள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. ஆகவே அது நெஞ்சிலேயே நிற்கும். அவனுக்குச் சாவு கிடையாது. பிரியமானவர்கள் ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவனுக்கென்று ஒரு மணப்பெண் வந்து வாளை உருவினால்தான் விடுதலை. விடுதலை என்றால் சாம்பலாகிக் காற்றோடு போவது. இந்த முடிச்சின் கொடுமையைக் கவனியுங்கள். யாரைத் தேடித்தேடிக் காத்திருக்கிறானோ அவள் கையால்தான் சாகவேண்டும். அவளைப் பிடித்துப்போனால் சாக மனம் வராது.

1998-ல் ஒரு பனி இரவில், வாகனம் மோதி உயிர் போய்க்கொண்டிருக்கும் கர்ப்பிணிப் பெண்ணின் மன்றாட்டு அவன் காதில் விழுகிறது. மனிதர்களின் வாழ்வு சாவில் தலையிடுவதில்லை என்றிருந்தவன் அன்று தலையிட்டுவிடுகிறான். அந்தக் குழந்தைதான் ஜி உன்-தக். சாகவேண்டிய நேரத்தில் சாகாமல் பிறந்ததால் அவளுக்கு ஆவிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எமதூதர்களின் பதிவேட்டில் அவள் விடுபட்ட பெயர். ஒன்பது வயதில் அம்மாவை இழக்கிறாள். சித்தி வீட்டில் அடியும் வசவும் தின்று வளர்கிறாள். ஒரு பிறந்தநாளில் கடலுக்குள் நீளும் கல் கரையில் தனியாக நின்று மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறாள். கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு கிம் ஷின் எதிரில் நிற்கிறான். அவள் ஊதி அணைக்கும்போதெல்லாம் எங்கிருந்தாலும் அவன் வந்துவிடுவான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கொரியர்களுக்குச் சொல்லாமலே தெரிந்த, நமக்குச் சொன்னால்தான் தெரிகிற சில சங்கதிகளைப் பார்த்துவிடலாம். இவை தெரிந்தால் தொடர் இரண்டு மடங்கு ருசிக்கும்.

கோப்ளின் என்று மொழிபெயர்க்கப்படுகிற தொக்கேபி அங்கே குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் வருவது. நாம் நினைக்கிற பேய் அது இல்லை, செத்த மனிதரின் ஆவியும் இல்லை. பழைய சாமானிலிருந்து, குறிப்பாக மனித ரத்தம் பட்டுத் தூக்கி எறியப்பட்ட துடைப்பத்திலிருந்து உண்டாவது. ராத்திரியில் வழிப்போக்கரை மறித்து மல்யுத்தத்துக்கு அழைக்கும். கையில் வைத்திருக்கும் தடியைத் தட்டினால் கேட்டது வரும். தலையில் போட்டால் உருவம் மறையும் தொப்பியும் உண்டு. பக்வீட் என்ற தானியத்தில் செய்யும் களி என்றால் அதற்கு உயிர். இப்படிக் குறும்பும் பாமரத்தனமும் கலந்த ஒன்றை, நீண்ட கோட்டு போட்ட துயரம் தோய்ந்த தளபதியாக மாற்றிய துணிச்சல் கிம் உன்-சுக்குடையது. ஆனாலும் வேரை வெட்டவில்லை. ரத்தம் பட்ட துடைப்பத்தின் இடத்தில் ரத்தம் பட்ட வாள். களிக்குப் பதில் பக்வீட் பூ. அவன் நீட்டுகிற அந்தப் பூங்கொத்தும், அவன் உடல் கிடக்கிற வெள்ளை வயலும் அதுதான்.

எமதூதனை அங்கே ஜோசங் சாஜா என்பார்கள். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் யோம்ரா என்று அழைக்கப்படுகிற நம் யமன்தான் அவர்களுக்கும் மேலதிகாரி. வீட்டில் சாவு விழுந்தால் வாசலில் மூன்று கிண்ணம் சோறு, மூன்று ஜோடி வைக்கோல் செருப்பு, கொஞ்சம் காசு வைக்கும் வழக்கம் பழைய கொரியாவில் இருந்தது. அழைத்துப்போக வருகிறவர்கள் மூன்று பேர். அவர்கள் பசியாறி, செருப்பு மாற்றி, போகிற உயிரைப் பக்குவமாகக் கூட்டிப்போகட்டும் என்ற வேண்டுதல். கறுப்பு அங்கியும் அகன்ற கறுப்புத் தொப்பியும் போட்ட எமதூதனைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள் கொரியர்கள். இந்தத் தொடரில் அவன் கறுப்பு சூட்டும் நவீனத் தொப்பியுமாக வருகிறான். தொப்பியைப் போட்டால் மனிதர் கண்ணுக்குத் தெரியமாட்டான். தொக்கேபியின் தொப்பியை எமதூதன் தலைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது ஆள் சம்ஷின் பாட்டி. பிள்ளை வரம் தருகிற, பிரசவம் காக்கிற தெய்வம். பச்சைக் குழந்தைகளின் முதுகுக்குக் கீழே தெரியும் நீலத் திட்டு, ‘சீக்கிரம் வெளியே போ’ என்று சம்ஷின் பாட்டி தட்டியனுப்பிய அடையாளம் என்பது அங்குள்ள நம்பிக்கை. தொடரில் அவள் சில சமயம் தெருவோரம் கீரை விற்கும் கிழவி, சில சமயம் சிவப்பு உடையில் வரும் அழகான இளம்பெண். உன்-தக்கின் பள்ளி நிறைவு விழாவில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா அப்பா பூங்கொத்தோடு வந்திருக்கிறார்கள், இவளுக்கு யாருமில்லை. அப்போது அந்தச் சிவப்பு உடைக்காரி உள்ளே வந்து பருத்திப் பூங்கொத்தைக் கொடுத்து அணைத்துக்கொள்கிறாள். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளையைக் கரித்துக்கொட்டிய ஆசிரியையின் பக்கம் திரும்பி, இன்னும் நல்ல ஆசிரியையாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கிறாள். குரலில் கோபமே இல்லை. அந்த ஆசிரியையும் அவள் அனுப்பிவைத்த குழந்தைதானே. தொடரில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று கேட்டால் காதல் காட்சி எதையும் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

சரி, நினைவு பற்றிய அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

கிம் ஷின்னின் வீட்டை, தலைமுறை தலைமுறையாக அவனுக்கு ஊழியம் செய்யும் குடும்பத்தின் பேரன் டொக்-ஹ்வா, யாருக்கும் சொல்லாமல் வாடகைக்கு விட்டுவிடுகிறான். குடிவருகிறவன் அந்த எமதூதன். லீ டோங்-வுக் நடித்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டு, மெல்ல மெல்ல நண்பர்களாகிறார்கள். முதல் பாதியின் சிரிப்பு முழுக்க இவர்களிடமிருந்துதான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைக்கிறது. ஒருவனிடம் 900 வருஷத்து நினைவும் சேதாரமில்லாமல் இருக்கிறது. மற்றவனிடம் தன் சொந்தப் பெயர்கூட இல்லை. பிடித்த பெண்ணிடம் பேர் சொல்ல முடியாமல் ஒரு நடிகரின் பெயரைச் சொல்லிவைக்கிறான். கிம் ஷின்னுக்கு விதிக்கப்பட்டது மறக்கவே முடியாத தண்டனை. எமதூதனுக்கு விதிக்கப்பட்டது நினைவே இல்லாத தண்டனை. போன பிறவியில் பெரும்பாவம் செய்தவர்கள்தான் எமதூதர்களாகிறார்கள் என்பது இந்தக் கதையின் விதி. என்ன பாவம் என்று தெரியாமலே அவன் வேலை பார்க்கிறான்.

அந்த வேலையின் ஒரு பகுதிதான் தேநீர். அவனுடைய அறையில் சுவர் நிறையக் கோப்பைகள். செத்தவர் ஒவ்வொருவரும் அங்கே வந்து உட்கார்ந்து ஒரு கோப்பை குடித்துவிட்டு அடுத்த கதவு வழியே போகிறார்கள். குடித்தால் இந்தப் பிறவியின் நினைவு போய்விடும். சீன நம்பிக்கையில் மெங் போ என்ற கிழவி கொடுக்கும் மறதிக் கஷாயத்தின் உறவுதான் இது. எமதூதன் அதைத் தெய்வத்தின் கருணை என்றே ஒவ்வொருவருக்கும் சொல்கிறான். பெரும்பாலோர் மறுபேச்சில்லாமல் குடிக்கிறார்கள். ஒரு நாள் கண் தெரியாத ஒருவர் வருகிறார். மேலே தனியாக எப்படிப் போவது என்று தயங்குகிறவருக்கு, முன்பே செத்துப்போன அவருடைய வழிகாட்டி நாய் கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறது. முழுதாக ஒரு நிமிஷம் ஓடுமா தெரியாத காட்சி. எழுத்தாளருக்கு இந்தத் தேநீர் அறை வெறும் அலங்காரம் இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறுதியானது.

எமதூதனுக்கு ஒரு காதல் வருகிறது. கோழி வறுவல் கடை நடத்தும் சன்னி. யூ இன்-னா அந்தப் பாத்திரத்தை அலட்சியமும் அழகுமாகச் செய்திருக்கிறார். நடைமேம்பாலத்தில் கிழவி விற்கும் மோதிரத்துக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டுகிறார்கள். அவளை நிமிர்ந்து பார்த்ததும் அவன் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஏன் என்று அவனுக்கே தெரியாது. நினைவைத் துடைத்துவிட்டாலும் அழுகையைத் துடைக்க முடியவில்லை. லீ டோங்-வுக் அதை ஒரு வசனமும் இல்லாமல் முகத்தில் காட்டியிருக்கிறார்.

பிறகு ராணியின் ஓவியச் சுருள் ஒன்று விரிகிறது. சன்னிதான் செத்துப்போன ராணி, கிம் ஷின்னின் தங்கை. எமதூதன்தான் அந்த இளம் அரசன் வாங் யோ, இரண்டு பேரையும் கொன்றவன். கொன்ற பிறகு பித்துப்பிடித்தவன்போல வாழ்ந்து, தனக்கு வந்த மருந்தில் விஷம் இருப்பது தெரிந்தே குடித்துத் தன் உயிரையும் போக்கிக்கொண்டவன். 900 வருஷமாக எவனை வெறுத்தானோ அவனோடுதான் கிம் ஷின் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

இந்த இடத்தில் ஒரு சாதாரணக் கதை பழிவாங்கலுக்குப் போயிருக்கும். இங்கே எழுந்து நிற்பது வேறு சங்கடம். செய்த பாவம் நினைவிலேயே இல்லாதவனை எப்படித் தண்டிப்பது? மன்னிப்பதுதான் எப்படி? எமதூதன் தன் நினைவு திரும்பியதும் தப்பிக்கப் பார்க்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்த நாட்கள்தான் சலுகை என்று புரிந்துகொள்கிறான். கிம் ஷின்னின் கோபமும் உடனே வடிவதில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் நடமாடும் அந்தச் சில காட்சிகள்தான் கோங் யூவின் நடிப்பில் உச்சம் என்று நினைக்கிறேன்.

பெண்கள் இந்தக் கேள்வியை இன்னும் தைரியமாகக் கையில் எடுக்கிறார்கள். பதின்மூன்றாம் பகுதியில், ஆவியாகவே இத்தனை காலம் அலைந்த சூழ்ச்சிக்காரன் பார்க் ஜுங்-ஹொன்னை அழிக்க வாளை உருவியே ஆகவேண்டியிருக்கிறது. கிம் ஷின் உன்-தக்கின் கையைப் பிடித்து, அவள் கையாலேயே உருவ வைக்கிறான். எதிரி அழிகிறான், இவனும் சாம்பலாகிறான். அத்தோடு தெய்வம் எல்லார் மனதிலிருந்தும் அவனைத் துடைக்கத் தொடங்குகிறது. உன்-தக் அழுதுகொண்டே நோட்டுப் புத்தகத்தில் அவசர அவசரமாக எழுதுகிறாள்: அவன் பேர் என்ன, எப்படி இருப்பான், மறக்கக்கூடாது என்று. எழுதி முடித்த கொஞ்ச நேரத்தில், யாரைப் பற்றி எழுதினோம் என்பதே அவளுக்குத் தெரியாமல் போகிறது. அடுத்த ஒன்பது வருஷம் அவள் வேலைக்குப் போகிறாள், வானொலித் தயாரிப்பாளர் ஆகிறாள், மழை பெய்தால் காரணம் தெரியாமல் நெஞ்சு கனத்துப்போகிறாள். மறதி கருணை என்று அதுவரை சொல்லிவந்த கதை இங்கே தன்னையே மறுத்துப் பேசுகிறது.

சன்னியின் வழி வேறு. தெய்வம் துடைத்தபோது அவளுக்கு மறக்கவில்லை. மறந்ததுபோல நடிக்கிறாள். தன்னைக் கொல்லவிட்ட அரசனைத்தான் இந்தப் பிறவியிலும் நேசித்தேன் என்று தெரிந்தே, ஒருநாள் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, இந்தப் பிறவி முழுக்க உன்னைப் பார்க்கமாட்டேன் என்று ஊரைவிட்டே போய்விடுகிறாள். அண்ணனுக்காக அவள் கொடுத்த தண்டனை அது, அவனுக்கும் தனக்கும் சேர்த்து. கதாநாயகியைவிட எனக்குச் சன்னி பெரியவளாகத் தெரிவது இதனால்தான். மன்னிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சுமந்துகொண்டு நடந்துபோகிறாள்.

இனி குறைகள். என் பெரியம்மாவோடு உட்கார்ந்து பார்த்தபோது இரண்டாம் பகுதியிலேயே கேட்டுவிட்டார்: “ஏன்டி, இந்தப் பொண்ணு போட்டிருக்கிறது ஸ்கூல் யூனிஃபார்ம்தானே? அந்த ஆளுக்கு முப்பத்தஞ்சு வயசாவது இருக்கும்போல இருக்கே?” பெரியம்மா கேட்டது முழுக்க நியாயம். கதை தொடங்கும்போது உன்-தக் பள்ளியின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். கொரியக் கணக்கில் 19 வயது. அம்மா இல்லாத, வீட்டில் அடிபடுகிற, போக்கிடம் இல்லாத பிள்ளை. அவள் முன் எல்லா வசதியும் உள்ள ஆண் ஒருவன் வந்து நிற்பதை ‘விதி’ என்று சொல்லிக் காதலாக்குவது சரியில்லை. கோங் யூவுக்கும் உன்-தக்காக நடித்த கிம் கோ-உன்னுக்கும் நிஜத்தில் 12 வயது வித்தியாசம், அதை யாரும் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. உறுத்துவது அந்தச் சீருடைதான். அதே ஜோடி, அவள் 29 வயதுப் பெண்ணாகி வேலைக்குப் போகும்போது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று கடைசி மூன்று பகுதிகளில் பாருங்கள். கல்லூரியில் கதையைத் தொடங்கியிருந்தால் எதுவும் கெட்டிருக்காது. பூங்கொத்து, மெழுகுவர்த்தி, வாள் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். அந்த முடிவை எடுக்காதது எழுத்தாளரின் தவறு, நான் அதற்குச் சமாதானம் சொல்லப்போவதில்லை.

சித்தி வீட்டுக் கொடுமையைக் கோமாளித்தனமாகக் காட்டியதும் பிடிக்கவில்லை. அம்மா விட்டுப்போன காப்பீட்டுப் பணத்துக்காக ஒரு குழந்தையை அடிப்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. காட்சி நடுவே திடீரென்று பானமும் கடையும் முகம் காட்டும் விளம்பரங்களும் உண்டு, பொறுத்துக்கொள்ளலாம்.

ஊரும் பாட்டும் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். கிம் ஷின் ஒரு கதவைத் திறந்தால் கனடாவின் கியூபெக் நகரம் வருகிறது. அங்கே ஷாத்தோ ஃப்ரோந்தனாக் ஓட்டலைப் பார்த்த மேட்டில், தலைமுறைகளாகத் தனக்கு ஊழியம் செய்தவர்களின் கல்லறைகளை வைத்திருக்கிறான். மெழுகுவர்த்தி ஊதிய கல் கரை காங்னுங் நகரத்தில் ஜுமுன்ஜின் பகுதியில் இருக்கிறது. தொடர் வந்ததிலிருந்து சிவப்பு மஃப்ளரும் வெள்ளைப் பூங்கொத்துமாகப் படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும் இடமாகிவிட்டது. எய்லி பாடிய முதல் பனிப் பாட்டு இன்றைக்கும் கொரியாவில் பனிக்காலத்துப் பாட்டு. கிம் ஷின் கையில் வைத்துப் படிக்கும் கவிதைத் தொகுப்பு, கவிஞர் கிம் யோங்-தேக் தேர்ந்தெடுத்துத் தொகுத்தது. தொடரில் வந்த சில வாரங்களில் அது விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஒரு காதல் தொடரால் கவிதைப் புத்தகம் விற்றது என்பதற்காகவே கிம் உன்-சுக்குக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

முடிவுக்கு வருவோம். பலருக்குக் கோபம் அங்கேதான். சாம்பலானவன், இந்த உலகுக்கும் அந்த உலகுக்கும் நடுவிலுள்ள பனிவெளியில் ஒன்பது வருஷம் தனியாக நடந்து, முன்பு அவள் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தின் பேரில் திரும்பி வருகிறான். பக்வீட் வயலில் கல்யாணம் நடக்கிறது. அப்பாடா என்று மூச்சு விடுகிற நேரத்தில், சரிவில் நின்ற லாரி ஒன்று ஆளில்லாமல் உருண்டு மழலையர் பள்ளிக் குழந்தைகளை நோக்கி வருகிறது. உன்-தக் தன் காரைக் குறுக்கே நிறுத்துகிறாள். அவள் இறந்துபோகிறாள்.

அழவைப்பதற்காகவே திணித்த சாவு என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள். வாகனம் மோதிச் சாகவிருந்த அம்மாவின் வயிற்றில், யாரோ ஒருவனின் இரக்கத்தால் உயிர் பிழைத்தவள் இவள். கடைசியில், உருண்டு வரும் வாகனத்திடமிருந்து வேறு குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள். எமதூதனின் பதிவேட்டில் முன்கூட்டியே எழுதப்படாத சாவு அது. தன்னைக் கொடுத்துப் பிறரைக் காக்கும் மனித முடிவைத் தெய்வத்தாலும் முன்னரே எழுதிவைக்க முடியாது என்று கதை சொல்கிறது. பிறந்ததிலிருந்து ‘விதிப்படி நீ அவனுடைய மணப்பெண்’ என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த பெண், முதல் தடவையாக விதியில் இல்லாத ஒன்றைத் தானே தேர்ந்து செய்கிறாள்.

அப்புறம் தேநீர் அறை. எதிரில் கோப்பை இருக்கிறது. கிம் ஷின் உடைந்துபோய் நிற்கிறான். அவள் குடிக்க மறுக்கிறாள். மறந்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்பதுதான் அந்த அறையில் எல்லாருக்கும் கிடைக்கிற சலுகை. இவள் வலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், சீக்கிரம் திரும்பி வருவதற்காக. நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதித் தோற்றுப்போனவள், இந்த முறை தோற்கவில்லை. அந்த அறைக்குள் முதல் பகுதியிலிருந்து வந்துபோன அத்தனை பேரையும் நாம் பார்த்திருப்பதால்தான் அந்த மறுப்புக்கு அவ்வளவு கனம்.

ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து எமதூதனுக்கு, சாகிறவர் பெயர் எழுதிய கடைசி அட்டை வருகிறது. அதில் சன்னியின் பெயர். சொன்னபடியே அந்தப் பிறவி முழுக்க அவனைப் பார்க்காமல் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். இருவரும் கைகோத்துப் படியேறிப் போகிறார்கள். கிம் ஷின் மட்டும் நினைவுகளோடு காத்திருக்கிறான். கியூபெக் மேட்டில், அந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்தில், சுற்றுலா வந்த ஒரு பெண் அவனைக் கண்டுபிடிக்கிறாள். எல்லாம் நினைவிருக்கிறது அவளுக்கு. அங்கேயும் அவளுக்குப் பள்ளிச் சீருடையைத்தான் மாட்டிவிட்டிருக்கிறார்கள், பெரியம்மாவின் கேள்வி அங்கேயும் நிற்கிறது.

பார்க்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கொரியக் குரலிலேயே, எழுத்து வரிகளோடு பாருங்கள். கோங் யூவின் குரல் இல்லாமல் பாதிச் சுவை போய்விடும். முதல் நான்கு பகுதிகளில் வேகம் குறைவாகத் தெரியும், விட்டுவிடாதீர்கள். ஏழாம் பகுதிக்குப் பிறகு ஒரு ராத்திரியில் ஒரு பகுதிக்கு மேல் பார்க்க வேண்டாம். வீட்டில் பதின்ம வயதுப் பெண்பிள்ளை இருந்தால் கூட உட்கார்ந்து பார்த்து, அந்தச் சீருடை விஷயத்தைத் தயங்காமல் பேசுங்கள். கடைசி இரண்டு பகுதிகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். கொரியாவிலும் 2017 ஜனவரி 21 அன்று அவை இரண்டும் ஒரே இரவில்தான் ஒளிபரப்பாயின.